மண்வீடும் பட்டாவும்

போன மாதம் ஊருக்கு அனுப்ப போட்டோ எடுத்தோம். குவார்ட்டர்ஸ் சுவரில் ஈரக்கசிவு தெரியாமலிருக்க வீட்டம்மா சோபாவை நகர்த்தினார். எனக்கு உடனே ஒரு பழைய அமெரிக்கப் படம் ஞாபகம் வந்தது.

இடம் நெப்ராஸ்கா மாநிலம், கஸ்டர் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி). ஒரு குடும்பம் வெட்டவெளியில் ஆர்கன் வாத்தியப் பெட்டியோடு நிற்கிறது. கிழக்கே உள்ள சொந்தக்காரர்களுக்குத் தங்கள் மண்வீட்டைக் காட்ட அந்த அம்மாவுக்கு மனசில்லை. ஆர்கனை மட்டும் வெளியே தூக்கி வரச் சொல்லிவிட்டார்! எடுத்தவர் சாலமன் புட்சர். 1886-ல் தொடங்கி இந்தக் குடியேறிகளைப் படமெடுத்தவர். அவரும் நிலம் எடுத்துப் பார்த்து, ஒத்துவராமல் விட்டவர்தான்.

அங்கே மரம் அபூர்வம். புல்வேர் பின்னிய மண்ணை ஏரால் ஓரடி அகலப் பாளங்களாக அறுத்து, புல் பக்கம் கீழே வரும்படி அடுக்கினார்கள். சுவர் இரண்டு மூன்றடி கனம். குளிருக்குக் கதகதப்பு, வெயிலுக்குக் குளுமை. கூரைதான் தலைவலி. மழை விட்ட பிறகும் உள்ளே சொட்டும், சமயத்தில் பாம்பும் விழும். கூரைக்கடியில் துணி கட்டிச் சமாளித்தார்கள்.

நமக்குத்தான் லோன் பைல் புத்தி போகாதே! அந்த வீட்டை விற்றால் காலணா தேறாது. ஆனால் 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் கிடைக்க, ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து பயிரிட்டதை இரண்டு சாட்சிகளோடு நிரூபிக்க வேண்டும். கட்டணம் மொத்தம் 18 டாலர். அதாவது, மறைக்க நினைத்த அந்த வீடுதான் பட்டாவுக்கு ஆதாரம்.

இன்னொரு விஷயம். பட்டா வருவதற்கு முன் வாங்கிய கடனுக்கு அந்த நிலத்தை ஜப்தி செய்ய முடியாது. சட்டத்திலேயே இருக்கிறது. பட்டா வந்த பிறகு அடமானம் வைக்கலாம், வைத்தார்கள். 1890-களில் வறட்சி வந்தது. வட்டி கட்ட முடியாமல் பலர் நிலத்தை விட்டுப் போனார்கள். ஐந்து வருஷம் ஒழுகலில் இருந்து வாங்கிய பட்டா!

இவர்களுக்கு முன்பு அந்தப் பக்கம் பாவ்னி மக்களுடையது. அவர்களும் மண்வீட்டுக்காரர்களே. மரச்சட்டத்தின் மேல் மண் போர்த்திய பெரிய வட்ட வீடுகள். 1857 ஒப்பந்தத்தில் பெரும்பகுதி நிலம் கைவிட்டுப் போனது. 1870-களில் அவர்களை இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களிடம் யாரும் சாட்சி கேட்கவில்லை.

புட்சரின் படங்களை 1912-ல் மாநில வரலாற்றுச் சங்கம் 600 டாலருக்கு வாங்கியது. இன்று பேரன் பேத்திகள் தேடி வந்து பார்ப்பது, ஆர்கனை அல்ல, அந்த மண்சுவர்களை.