'டேக் தி ஹெல்ம்' என்றால் என்ன? தலைமைப் பொறுப்புக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்?

நிறுவனத்துக்குப் புது சிஇஓ வந்தாலும் சரி, கட்சிக்குப் புதுத் தலைவர் வந்தாலும் சரி, ஆங்கிலச் செய்திகளில் 'டேக்ஸ் தி ஹெல்ம்' என்ற வரியைப் பார்த்திருப்பீங்க. இதை எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது? பார்க்கலாம்.

அர்த்தம் என்ன?

தலைமைப் பொறுப்பை ஏற்பது. 'ஹெல்ம்' என்பது கப்பலின் சுக்கானைத் திருப்பும் பிடி அல்லது சக்கரம். திசையைத் தீர்மானிக்கும் அதிகாரம் கைக்கு வந்துவிட்டது என்பதுதான் உள்ளர்த்தம். தலையில் போடும் ஹெல்மெட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.

நிஜக் கப்பலில் எப்படி?

பெரிய கப்பல்களில் கேப்டனே சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. 1912-ல் டைட்டானிக் பனிப்பாறையில் மோதியபோது சக்கரம் ராபர்ட் ஹிச்சன்ஸ் என்ற ஊழியர் கையில் இருந்தது. உத்தரவு போட்டது மேலதிகாரி. ஆக, மொழியில்தான் தலைவர் கையில் சுக்கான்!

'கவர்னர்' வந்த கதை

கப்பலைச் செலுத்துவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் லத்தீனுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்ததுதான் 'கவர்ன்'. கவர்னர், கவர்ன்மென்ட் எல்லாம் அதே குடும்பம். நம்ம 'சுக்கான்' அரபியிலிருந்து வந்த சொல். கப்பல் செலுத்துபவரை 'மீகாமன்' என்கிறது பழந்தமிழ்.

எப்படிப் பயன்படுத்துவது?

* பொறுப்பேற்கும்போது: 'டேக் தி ஹெல்ம்'. உதாரணம்: 2014 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் சிஇஓ ஆனார் சத்யா நாதெல்லா. 'நாதெல்லா டுக் தி ஹெல்ம் இன் 2014' எனலாம்.
* பொறுப்பில் இருக்கும்போது: 'அட் தி ஹெல்ம்'.
* சினிமாவில்: 'ஹெல்ம்ட் பை' என்றால் 'இயக்கியவர்'. இதை 'தலைமையில்' என்று மொழிபெயர்த்தால் தப்பு.

எங்கே கூடாது?

வேலையில் சேர்ந்தவர் எல்லாருக்கும் இது பொருந்தாது. முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாத கௌரவப் பதவிக்கு இதைப் போட்டால், இல்லாத அதிகாரம் இருப்பதாக வாசகர் நினைத்துவிடுவார். தற்காலிகப் பொறுப்பு என்றால் அதையும் சேர்த்தே சொல்லணும்.

தமிழில் எப்படிச் சொல்வது?

'சுக்கானைப் பிடித்தார்' என்று அப்படியே மாற்ற வேண்டாம். 'தலைமையேற்றார்', 'பொறுப்பேற்றார்' போதும். பேச்சில் 'பொறுப்பைக் கையில எடுத்தார்' என்றாலே எல்லாருக்கும் புரியும்.