சதுரக் காகிதமும் சாய்ந்த கோடும்

கட்டம் கட்டமாகக் கோடு போட்ட காகிதத்தைப் பார்த்தால் நமக்கெல்லாம் கணக்கு உபாத்தியாயர் ஞாபகந்தான் வரும். உண்மையில் பள்ளிக்கூடத்துக்கு அந்தக் காகிதம் வந்து சேர்ந்தது மிகவும் பிந்தி. 1901ஆம் வருஷம் கிளாஸ்கோ நகரத்தில் கூடிய விஞ்ஞானிகள் சபையில் ஜான் பெர்ரி என்ற பொறியியல் பேராசிரியர் எழுந்து, கணக்கைச் சூத்திரமாக நெட்டுருப் பண்ண வைத்தது போதும், பிள்ளைகள் கையில் கட்டக் காகிதத்தைக் கொடுங்கள் என்று வாதாடினார். அதற்கப்புறம்தான் அது வகுப்பறைக்குள் பரவியது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னதாகவே பிரான்சு தேசத்தில் லியோன் என்ற பட்டு நகரத்தில், பூவும் கொடியும் வரைகிறவர்கள் அந்தக் காகிதத்தை விரித்துப்போட்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள். 1684 முதல் 1751 வரை வாழ்ந்த ழான் ரெவெல் என்ற ஓவியர்தான் அந்த வழக்கத்தைத் தொடங்கியவர் என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். யார் தொடங்கினால் என்ன, கட்டக் காகிதத்தில் நெசவாளிக்கு உள்ள பாத்தியதை கணக்கு வாத்தியாருக்கு உள்ளதைவிடப் பழையது.

லியோனுக்கு நான் போனதில்லை. ஆரணிக்குப் பல தடவை போயிருக்கிறேன். கமண்டல நாகநதிக் கரையில், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிற ஊர். சரித்திரப் புத்தகத்தில் அதற்கு இரண்டு சண்டைகள்: 1751ல் ராபர்ட் கிளைவ் ரஸா சாகிபின் படையைத் தோற்கடித்தது ஒன்று, 1782ல் ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதியது இன்னொன்று. புத்தகம் அதோடு ஊரை விட்டுவிடுகிறது. பீரங்கி இழுத்து வந்தவர்கள் இரண்டொரு நாளில் போய்விட்டார்கள். தறியில் உட்கார்ந்தவர்கள் போகவில்லை. அவர்களைப் பற்றி எழுதத்தான் ஆள் இல்லை.

ஆரணியில் ஒரு டிசைன்காரர் வீட்டில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். புடவையின் முந்தானையில் வரிசையாகக் கோபுரங்கள் வர வேண்டும். கட்டக் காகிதத்தில் நெட்டுவாக்கில் போகிற ஒவ்வொரு பத்தியும் ஜக்கார்டு பெட்டியில் ஒரு கொக்கி. அந்தக் கொக்கி தூக்குவது பாவு இழையை. குறுக்கே போகிற ஒவ்வொரு வரியும் ஓர் அட்டை. அதாவது நாடா ஒரு தடவை ஓடினால் விழுகிற ஊடை இழை. கட்டத்தில் சிவப்பு மை வைத்தால் அட்டையில் துளை. துளை இருந்தால் கொக்கி ஏறும், இல்லாவிட்டால் ஏறாது. இவ்வளவுதான் யந்திரம். இதிலிருந்து மயிலும் அன்னமும் யாளியும் வருகின்றன என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

கோபுரத்தின் இடது சரிவை அவர் எப்படி வரைந்தார் என்பதைத்தான் சொல்ல வந்தேன். முதலில் ஒரு புள்ளி வைத்தார். பன்னிரண்டாவது பத்தி, ஐந்தாவது வரி. பிறகு வாய்க்குள்ளேயே, “ஒண்ணுக்கு ரெண்டு” என்று சொல்லிக்கொண்டார். ஒரு பத்தி வலப்புறம் நகர்ந்தால் இரண்டு வரி மேலே. பதின்மூன்றாவது பத்தியில் ஏழாவது வரி, பதினான்கில் ஒன்பது, இருபதில் இருபத்தொன்று. முப்பத்திரண்டாவது பத்தியில் நாற்பத்தைந்தாவது வரிக்கு வந்ததும் நிறுத்திக் கலசம் வைத்தார். அங்கிருந்து அதே கணக்கில் இறங்கினால் ஐம்பத்திரண்டாவது பத்தியில் மறுபடி ஐந்தாவது வரி, கோபுரம் முடிந்தது. அடுத்த கோபுரம் அந்த இடத்திலேயே ஆரம்பம்.

பத்தாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் ‘புள்ளி–சாய்வு வடிவம்’ என்று ஒரு சமன்பாடு வருகிறதே, அது இதேதான். ஒரு நேர்க்கோட்டை நிர்ணயிக்க, அது போகிற வழியில் ஒரே ஓர் இடம் தெரிந்தால் போதும். எந்தச் சாய்வில் போகிறது என்பதும் தெரிய வேண்டும். டிசைன்காரர் வரைந்த சரிவை எழுதினால்:

வரி − 5 = 2 (பத்தி − 12)

ஐந்தாவது வரியிலிருந்து எவ்வளவு ஏறினோமோ, அது பன்னிரண்டாவது பத்தியிலிருந்து எவ்வளவு நகர்ந்தோமோ அதில் இரண்டு பங்கு. படிப்பவர்கள் வாய்விட்டு ஒரு தரம் சொல்லிப் பார்த்தால் இதில் பயப்பட எதுவும் இல்லை என்று தெரியும். அடுத்த கோபுரத்துக்கு 12 என்ற இடத்தில் 52 என்று போட வேண்டும். மற்றதெல்லாம் அப்படியே நிற்கிறது. சாய்வு ஒன்று, புள்ளி வேறு.

பாடப் புத்தகம் பிள்ளைகளுக்கு இன்னொரு வடிவமும் கற்றுக்கொடுக்கிறது. கோடு பூஜ்யப் பத்தியில் எங்கே வெட்டுகிறது என்று கண்டு, அதிலிருந்து தொடங்குவது. அதற்கு ‘சாய்வு–வெட்டுத்துண்டு வடிவம்’ என்று பெயர். பரீட்சையில் பிள்ளைகள் அதையே அதிகம் விரும்புகிறார்கள். பார்வைக்குச் சின்னதாக இருக்கிறது. முதல் கோபுரத்தை அப்படி எழுதினால், பத்தியை இரண்டால் பெருக்கி 19ஐக் கழி என்று வரும். இரண்டாவது கோபுரத்துக்கு 99ஐக் கழிக்க வேண்டும். கணக்கில் துளி தப்பில்லை. ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பதாவது வரி எந்தத் தறியில் இருக்கிறது? தொண்ணூற்றொன்பதாவது வரியில் யார் உட்கார்ந்து நெய்வது? கோபுரம் நிற்கிற இடத்திலிருந்து கோடு போடுவதுதான் நெசவாளியின் வழி. ஊருக்கு வெளியே போய், இல்லாத ஓர் இடத்திலிருந்து புறப்பட்டு வருவதற்கு அவனுக்கு அவசியமில்லை.

காகிதத்தில் போட்ட சாய்வு துணியில் அப்படியே வராது என்பது இதில் உள்ள சூட்சுமம். உதாரணமாக, ஓர் அங்குலத்துக்குப் பாவு இழை 96, ஊடை இழை 72 என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் ஒன்றுக்கு ஒன்றாக ஏறின கோடு துணியில் ஓர் அங்குலம் நகர்வதற்குள் ஒன்றே மூன்றிலொரு அங்குலம் ஏறிவிடும். வட்டமாக வரைந்த காசு முட்டையாகிவிடும். ஆகையால் டிசைன்காரர்களின் காகிதத்தில் கட்டங்கள் எப்போதும் சதுரமாக இருப்பதில்லை. இழைக் கணக்குக்குத் தகுந்தபடி நீள்சதுரமாக அச்சிட்ட தாளும் உண்டு. தறியில் இருப்பவர் பலகையை மெதுவாக அடித்தால் ஊடை நெருங்காமல் கோபுரம் இன்னும் நெட்டையாகும். சாய்வு அவர் கையிலும் இருக்கிறது.

இனி இந்தச் சூத்திரத்தின் ஜாதகத்தைப் பார்க்கலாம். கோடும் சமன்பாடும் ஒன்றே என்று கண்டவர்கள் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். தெக்கார்த் 1637ல் புத்தகம் போட்டார். பெர்மா என்ற வழக்கறிஞர் ஏறக்குறைய அதே காலத்தில் எழுதியது, அவர் 1665ல் காலமாகிப் பதினான்கு வருஷங்களுக்குப் பிறகு 1679ல்தான் அச்சேறியது. முதல் படிச் சமன்பாடு என்றால் நேர்க்கோடு என்று தெளிவாகச் சொன்னவர் பெர்மா. தெக்கார்த்துக்கு வளைகோடுகளில்தான் மோகம். நேர்க்கோட்டை அவர் அவ்வளவாக மதிக்கவில்லை. அதனால் ஒரு புள்ளியையும் சாய்வையும் கொண்டு கோட்டை எழுதுகிற இந்த எளிய வடிவம் பிறக்க ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் பிடித்தது. காஸ்பார் மோன்ஜ் என்பவர் 1781ஆம் வருஷத்திய பாரிஸ் விஞ்ஞானக் கழகத் தொகுதிக்கு எழுதி, 1784ல் அச்சான ஒரு கட்டுரையில் அது முதன்முதலாக இன்றைய உருவத்தில் காணப்படுகிறது என்று கணித சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். கட்டுரையின் விஷயம் என்ன தெரியுமா? ஓரிடத்தில் மண்ணை வெட்டி இன்னோரிடத்தில் கொட்டுவது; குறைந்த செலவில் கூடைகளை எந்த வழியாகக் கொண்டுபோவது என்பது. மண் எங்கே கிடக்கிறதோ அங்கிருந்துதானே கூடை புறப்பட வேண்டும்!

இந்த மோன்ஜ் 1746ல் போன் என்ற சிற்றூரில், தெருத் தெருவாகப் போய் வியாபாரம் செய்து பிழைத்த ஒருவருடைய மகனாகப் பிறந்தார். பதினாறாவது வயதில் மேற்படிப்புக்காக லியோனுக்கு வந்தார். பதினேழாவது வயதிலேயே அந்தக் கல்லூரியில் பௌதிகம் கற்பிக்க உட்கார்த்தி வைத்துவிட்டார்கள். அவர் நடந்த தெருக்களில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கும். பட்டறைகளில் கட்டக் காகிதம் விரிந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் சூத்திரம் கண்டுபிடித்தார் என்று நான் முடிச்சுப் போடப் போவதில்லை. நாவல் எழுதுகிறவனுக்கு அந்த ஆசை வருவது சகஜம். சரித்திரத்தில் அதற்கு இடமில்லை. இரண்டும் ஓர் ஊரில் இருந்தன என்பது மட்டும் நிஜம்.

அந்த லியோனில் 1752ல் பிறந்தவர்தான் ஜக்கார்டு. அவருக்கு முன்னாலேயே 1725ல் பூஷோன் என்பவர் துளையிட்ட காகிதச் சுருளாலும், பிறகு பால்கோன் அட்டைகளாலும் பாவு இழையைத் தூக்கிப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்து 1804ல் உருப்படியாக ஒரு யந்திரம் செய்தவர் ஜக்கார்டு. 1839ல் அவருடைய உருவத்தையே இருபத்துநாலாயிரம் அட்டை வைத்துப் பட்டில் நெய்தார்கள். இந்த அட்டையைப் பார்த்துத்தான் பாபேஜ் என்ற ஆங்கிலேயர் தம்முடைய கணக்கு யந்திரத்துக்கு யோசனை பிடித்தார். நம் ஊர் நெசவுக்கு ஜக்கார்டு வந்தது வெகுகாலத்துக்குப் பிறகு.

கோபுரத்தை விட்டு இன்னொரு கோட்டுக்கு வருகிறேன். அது கட்டக் காகிதத்தில் இல்லை. நெசவாளி வீட்டு உத்தரத்தில் செருகி வைத்திருக்கும் நோட்டில் இருக்கிறது. முதலாளியிடம் முன்பணம் வாங்கி, புடவைக்கு இவ்வளவு என்று கூலியில் கழித்துக்கொண்டு வருவது பட்டு ஊர்களில் பழைய வழக்கம். டிசைன்காரர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் தறி போட்டிருந்த பெரியவர் எனக்கு நோட்டைக் காட்டினார். அவருடைய தொகையை எழுதுவது மரியாதை இல்லை. வசதிக்காக நான் வேறு தொகை போடுகிறேன். பதினான்காவது புடவை கொடுத்த அன்று மிச்சம் 38,500 ரூபாய். புடவைக்குப் பிடிப்பது 500. அப்படியானால்,

மிச்சம் − 38,500 = −500 (புடவை − 14)

சாய்வுக்கு முன்னால் கழித்தல் குறி இருப்பதால் கோடு இறங்குகிறது. இன்னும் எழுபத்தேழு புடவை நெய்தால், அதாவது தொண்ணூற்றோராவது புடவையில், மிச்சம் பூஜ்யம். மாதம் மூன்று புடவை அறுத்தால் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும்.

“ஆரம்பத்தில் எவ்வளவு வாங்கினீர்கள், ஐயா?” என்று கேட்டேன்.

“ஆரம்பம் எங்கப்பா காலத்துலே, சார். அவர் வாங்கினது எவ்வளவோ! பழைய நோட்டு மழையிலே போச்சு. இதுலே எழுதினதுலேருந்துதான் எனக்குக் கணக்கு” என்றார்.

பாடப் புத்தகத்து வெட்டுத்துண்டு இங்கே என்ன செய்யும்? கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் பூஜ்யப் புடவையில் 45,500 ரூபாய் என்று காகிதம் சொல்லும். அது காகிதத்தின் கற்பனை. அவருடைய தகப்பனார் காலத்தில் கூலியும் இதுவல்ல, பிடித்ததும் இதுவல்ல, சாய்வே வேறு. தெரிந்தது இன்றைய புள்ளி ஒன்றுதான்.

புள்ளியும் நிலைத்து நிற்பதில்லை. நாற்பதாவது புடவை முடிகிறபோது மிச்சம் 25,500 ஆகியிருக்கும். அப்போது பெண்ணுக்குக் கல்யாணம் வருகிறது. இன்னும் 30,000 வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடு அந்த இடத்திலேயே நெட்டாக மேலே எழும்பி 55,500ல் போய் நிற்கும். அங்கிருந்து அதே சாய்வில் மறுபடி இறங்க வேண்டும். முடிவு நூற்றைம்பத்தோராவது புடவையில். முந்தானையில் இரண்டாவது கோபுரம் எழும்பினதும் இதே மாதிரிதான்: சாய்வு ஒன்று, புள்ளி வேறு.

சீக்கிரம் அடைபடச் சாய்வைக் கூட்டினால் என்ன என்று கேட்கலாம். புடவைக்கு 1,000 பிடித்தால் பாதிக் காலத்தில் தீரும். ஆனால் அந்த 500 அடுப்பிலிருந்துதான் வர வேண்டும். கூலி ஏறாமல் கோடு செங்குத்தாக இறங்க வழியில்லை. கூலியை ஏற்றுகிற கை நெசவாளியின் கை அல்ல.

லியோனில் கலகம் மூண்டது இந்தச் சாய்வுக்காகத்தான். அங்கேயும் நெய்த அளவுக்குத்தான் கூலி. வியாபாரிகள் அதைக் குறைத்துக்கொண்டே போனார்கள். 1831 அக்டோபரில் நெசவாளிகள் குறைந்தபட்ச விகிதம் ஒன்றை நிர்ணயிக்கச் சொன்னார்கள். ஜில்லா அதிகாரி இரு தரப்பையும் கூட்டி வைத்துப் பேசி, 25ஆம் தேதி ஓர் உடன்பாடு எழுதப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட வியாபாரிகள் அதை ஒப்புக்கொள்ள மறுத்தார்கள். நவம்பர் 21ஆம் தேதி நெசவாளிகள் கறுப்புக் கொடியோடு மலைமேல் இருந்த குடியிருப்பிலிருந்து இறங்கினார்கள். இரண்டு மூன்று நாளில் நகரம் அவர்கள் வசமாயிற்று. கைக்கு வந்த நகரத்தில் அவர்கள் கொள்ளையடிக்கவில்லை. காவல் போட்டு ஒழுங்கு காத்தார்கள். டிசம்பர் ஆரம்பத்தில் அரசாங்கத்தின் படை வந்தது. விகிதம் ரத்தாயிற்று. உடன்பாட்டுக்கு உதவின அதிகாரிக்கு வேலை போயிற்று. 1834 ஏப்ரலில் மறுபடி கிளம்பினார்கள். அந்தத் தடவை பீரங்கி வைத்து அடக்கினார்கள்.

நம் பக்கத்தில் வேறு வழி பார்த்தார்கள். 1935ல் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. இன்றைய கோ-ஆப்டெக்ஸ் அதுதான். ஊருக்கு ஊர் சங்கங்கள் எழுந்தன. 1985ல் இன்னின்ன துணியைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம் என்று மத்திய அரசு சட்டம் செய்தது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. இருந்தாலும் விசைத்தறியோடு போட்டி போட்டு நிற்பது சுலபமாக இல்லை.

டிசைன் வேலை இப்போது பல இடங்களில் கணிப்பொறிக்குப் போய்விட்டது. திரையில் ஒரு புள்ளியைத் தொட்டு, சாய்வைச் சொன்னால் வரிசையாகக் கோபுரங்கள் எழும்பி நிற்கின்றன. இழைக் கணக்குக்கு ஏற்ற நீள்சதுரத்தையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. அன்று நோட்டைக் காட்டின பெரியவரின் பேத்தி பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். நான் நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, மிச்சம் இறங்குகிற கோட்டை வரைந்து காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பென்சிலை வாங்கி, அதே புள்ளியிலிருந்து, புடவைக்கு 700 பிடித்தால் எப்படி இறங்கும் என்று இன்னொரு கோடு போட்டாள். இன்னும் ஐம்பத்தைந்து புடவையில் அடியைத் தொட்டது. தாத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “எழுநூறு பிடிக்க, கூலி எவ்வளவு வரணும், அதையும் போடு” என்றார்.