இருமாத நகரம்: மரிச்சுக்கட்டியும் தலைநகரச் சட்டங்களும்

இலங்கையின் உள்ளூராட்சி வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1865ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவர். அவ்வாண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பொலிசுப் படையை ஒழுங்குபடுத்திற்று. அதனையடுத்த 17ஆம் இலக்கச் சட்டம் கொழும்புக்கும் கண்டிக்கும் மாநகர சபைகளை அளித்தது. காவலும் துப்புரவும் சட்டநூலில் அடுத்தடுத்த இலக்கங்களாய் அமைந்தமை தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் குடியேற்ற அரசு நகரம் என்பதை எக்கண்கொண்டு நோக்கிற்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவற்றுக்குச் சில ஆண்டுகள் முன்னரே 1861இன் 10ஆம் இலக்கத் தெருக்கள் கட்டளைச் சட்டமும், 1862இன் 15ஆம் இலக்கத் தொல்லைகள் கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டிருந்தன. வழியை அடைத்தல், கழிவுநீரைத் தேங்கவிடல், வீட்டையும் வளவையும் அயலாருக்குக் கேடு தரும் வகையில் அழுக்குற வைத்திருத்தல் ஆகியன தண்டத்துக்குரிய குற்றங்களாயின. சட்டம் நாட்டுக்குரியதாயினும், அதனை வரைந்தோரின் மனக்கண்ணில் நின்றவை கோட்டையும் புறக்கோட்டையுமே எனத் தோன்றுகின்றது. அங்ஙனமாயின் தலைநகரிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள மன்னார்க் கரையில் இச்சட்டங்களின் நிலை யாது? இவ்வினாவுக்கு விடைதேட மன்னார்ப் பட்டினத்தை விட்டுத் தெற்கே மரிச்சுக்கட்டிக்குச் செல்லுதல் வேண்டும். அங்கேதான் இலங்கையின் மிக விந்தையான நகரம் தோன்றி மறைந்தது.

மன்னார்க் குடாவின் முத்துப்பார்களில் சிப்பி முற்றிய ஆண்டுகளில் மட்டுமே சலாபம் கூடும். சில வேளைகளில் பத்தாண்டுக்கு மேலும் ஒரு சலாபமேனும் கூடாதிருந்ததுண்டு. பார் விளைந்ததென அரசு அறிவித்ததும், வெறும் மணற்றிடலில் தடியாலும் கிடுகாலும் ஒரு நகரம் எழும். நேரிய வீதிகள், நீதிமன்றம், சிறைக்கூடம், மருத்துவமனை, பொலிசு நிலையம், தபாற்கந்தோர், சந்தை என யாவும் சில வாரங்களில் அமைந்துவிடும். கீழக்கரை, தொண்டி, இராமேசுவரம், யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலிருந்து வந்த தமிழரும் சோனகரும், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அராபியரும் அங்கே ஒருங்கு கூடினர். இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் வணிகர் பணமூட்டைகளுடன் வந்து குவிந்தனர். 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் 318 தோணிகளும் ஏறத்தாழ 5,000 குளிகாரரும் ஈடுபட்டனர். நகரில் தங்கியிருந்தோர் தொகை 40,000 வரையில் என்பது அக்கால மதிப்பீடு. இலங்கையின் பட்டினங்களுள் அன்று இத்துணை மக்களைக் கொண்டிருந்தவை மிகச் சிலவே.

நள்ளிரவில் தரைக்காற்றோடு புறப்படும் தோணிகள் நண்பகல்வரை குளித்து, பிற்பகலில் கடற்காற்றோடு திரும்பும். சிப்பிகளைக் 'கொட்டு' எனப்படும் அடைப்புக்குள் கொணர்ந்து மூன்று பங்காகப் பிரிப்பர். இரண்டு அரசுக்கு; ஒன்று குளித்தவர்க்கு. அரசின் பங்கு அன்று மாலையே ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விற்கப்படும். 1905இல் எடுக்கப்பட்ட சிப்பிகள் 8 கோடிக்கு மேல். அரசு பெற்ற வருவாய் 25 இலட்சம் ரூபாவுக்கு மேல்.

இனி நாம் கருதவேண்டிய செய்திக்கு வருவோம். ஏலத்தில் வாங்கிய சிப்பியை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது பெருவணிகர்க்கு இயலாத செயல். எனவே சிப்பிகளைக் குவித்துத் தொட்டிகளில் இட்டு அழுகவிடுவர். ஈ மொய்க்கும், புழு நெளியும், தசை கரையும். ஒரு வாரமோ அதற்கு மேலோ சென்றபின் கடல்நீரால் அலசி அடியில் தங்கும் முத்தைப் பொறுக்குவர். கோடிக்கணக்கான உயிர்கள் ஒரே காலத்தில் அழுகும் அந்நாற்றத்தைச் சலாபம் கண்டவர் எவரும் எழுதாது விட்டதில்லை. 1906ஆம் ஆண்டுச் சலாபத்தில் கடமையாற்றிய இளம் சிவில் சேவை உத்தியோகத்தர் லெனாட் வுல்வ், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கழிந்தபின் எழுதிய தம் வரலாற்று நூலிலும் அந்நாற்றத்தையும் ஈக்களையும் மறக்கவில்லை.

கொழும்பில் ஒருவன் தன் வளவில் அழுகிய மீனைக் குவித்து வைத்திருப்பானாயின் 1862ஆம் ஆண்டுச் சட்டம் அவனை நீதவான் முன் நிறுத்தியிருக்கும். மரிச்சுக்கட்டியிலோ அழுகலே தொழில். அவ்வழுகலுக்கு மூலப்பொருளை ஏலங்கூறி விற்றது அரசே. தலைநகரில் தொல்லை எனப்பட்டது இங்கே திறைசேரியின் வருவாயாயிற்று. சட்டத்தை மீறினர் என்று அதிகாரிகள்மீது பழி சுமத்துதல் நம் நோக்கமன்று. உண்மையில் அவர்கள் அந்நகரைக் கட்டிக்காத்த திறம் வியப்புக்குரியது. பல மொழியும் பல சமயமும் கொண்ட பல்லாயிரவரை ஒருசில உத்தியோகத்தரும் சிறு பொலிசுப் படையும் ஒழுங்கில் வைத்திருந்தமை, கொழும்பு மாநகர சபையார் பொறாமை கொள்ளத்தக்க செயல் என்றே கூறலாம். ஆயினும் அந்த ஒழுங்கின் அளவுகோல் குடியிருப்போரின் நலமன்று, சலாபம் தடையின்றி நடைபெறுதலே என்பது தெளிவு. வாந்திபேதி புகுந்து சலாபம் இடைநடுவே கலைந்த ஆண்டுகளும் உண்டு. அரசு அஞ்சியது அதற்கே. கொழும்பின் வரியிறுப்போர் 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ச் சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர். மரிச்சுக்கட்டியின் குளிகாரனுக்கு முறையிட ஒரு சபையும் இருந்ததில்லை. அவன் வரியாக அளித்ததோ தான் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு.

நோய் பற்றிய அச்சம் மன்னார்க் கரையின் மற்றொரு வரலாற்றையும் நினைவூட்டுகின்றது. 1830கள் தொடக்கம் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னாரில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாகச் சென்றனர். நீரின்றியும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர். தோண்டப்பட்ட கிணறுகளும் தங்கு கொட்டகைகளும் காலந்தாழ்த்தியே வந்தன. 1896இல் பம்பாயில் பிளேக்கு தோன்றியதும் நிலைமை வேறாயிற்று. 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தடுப்புக்காப்பு, நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் விரைந்து நிறைவேறிற்று. வடபாதையும் அந்நூற்றாண்டின் இறுதியில் மூடப்பட்டது. வழிநெடுகக் கூலிகள் மாண்ட பல பத்தாண்டுகளில் பிறவாத அவசரம், கொள்ளைநோய் துறைமுகத் தலைநகரை எட்டிப் பார்க்கக்கூடும் என்றவுடன் பிறந்ததை இங்கு குறிப்பிடாதிருக்க முடியவில்லை.

1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கியபின், பயணிகளைத் தடுத்துச் சோதிக்கும் முகாமை இலங்கை அரசு இந்திய மண்ணிலேயே, மண்டபத்தில், நடத்திற்று. கொழும்பில் எழுதிய சட்டம் கடல்கடந்து சென்று காவல் நின்றது எனலாம். அதே மண்டபம் முகாம் 1980களிலிருந்து இலங்கைத் தமிழ் அகதிகளின் உறைவிடமாயிற்று. 1897ஆம் ஆண்டுச் சட்டமோ வழக்கொழியவில்லை. 2020இல் கொவிட் பெருந்தொற்றின்போது அதன்கீழ் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகளே நாடெங்கும் நடைமுறைப்படுத்தப்பட்டன.

சலாபத்தின் முடிவு விரைவில் வந்தது. 1905ஆம் ஆண்டின் பெருவருவாயால் ஊக்கமுற்ற ஒரு பிரித்தானியக் கும்பனி, ஆண்டுக்கு 310,000 ரூபாவாக இருபதாண்டுக் குத்தகைக்கு முத்துப்பார்களை 1906இல் பெற்றது. 1907க்குப் பின் பார்கள் விளையவில்லை, கும்பனி நொடித்தது. 1925இல் ஒரு சலாபம் கூடிற்று. அவ்வாண்டிலேயே முத்துக்குளிப்புக் கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டது. முத்து அருகிய காலத்தில் அதற்கெனச் சட்டம் பிறந்தது காலத்தின் கேலி போலும்.

இன்று மரிச்சுக்கட்டி முசலிப் பிரதேச சபையின் எல்லைக்குட்பட்டது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், 1865இல் கொழும்பு பெற்ற வீதி, சுகாதாரம், பொதுவசதி ஆகிய பொறுப்புக்களை இத்தகைய ஊர்களின் வாக்காளர் தெரிவு செய்யும் சபைகளிடம் ஒப்படைத்தது. ஆனால் அச்சட்டம் வந்து மூன்றாண்டுகளில், 1990 ஒக்டோபரில், விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது முசலியின் முஸ்லிம் கிராமங்கள் வெறுமையாயின. முன்னர் சலாபம் கலைந்தால் நகரம் தானே கலையும். இம்முறை கலைக்கப்பட்டவர்கள் அம்மண்ணிலேயே பிறந்தவர்கள். போர் முடிந்த 2009க்குப் பின்னரே அவர்கள் பெருமளவில் திரும்பத் தொடங்கினர்.

சிறிது வடக்கே அரிப்பில், சலாபத்தைப் பார்வையிடத் தேசாதிபதி நோத் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்த 'டோரிக்' மாளிகை இடிபாடாய் நிற்கின்றது. அது நிற்கும் மேட்டைக் கடல் அரித்துவர, செங்கற்சுவர்கள் துண்டுதுண்டாகக் கரையில் விழுந்து கிடக்கின்றன.