பகலைக் கடக்க ஒரு வழி, பயத்தைக் கடக்க ஒரு வழி

தனியாக விட்டால் தாங்காத நாயை வளர்ப்பவர்களுக்கு இன்று இரண்டு யோசனைகள் கிடைக்கின்றன. காலையில் டே கேரில் விட்டுவிட்டு மாலையில் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்பது ஒன்று. வீட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தனிமைக்குப் பழக்குங்கள் என்பது இன்னொன்று. பணம் இருப்பவர் முதலாவதையும் நேரம் இருப்பவர் இரண்டாவதையும் தேர்ந்துகொள்வது வழக்கமாகிவிட்டது. இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன என்ற நினைப்புதான் இந்தத் தேர்வுக்குக் காரணம். உண்மையில் அவை செய்யும் வேலைகள் வேறு வேறு. எது எதைச் செய்யும், எதைச் செய்யாது, எந்த நாய்க்குப் பொருந்தும், நம்மிடம் என்ன கேட்கும் என்று இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பதற்றத்தின் இயல்பு

பிரிவுப் பதற்றம் உள்ள நாய், ஆள் வெளியேறிய சிறிது நேரத்துக்குள், பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்திலேயே, தவிக்கத் தொடங்கிவிடும். விடாத குரைப்பு, ஊளை, கதவையும் ஜன்னலோரத்தையும் பிறாண்டுதல், எச்சில் வடிய மூச்சிரைத்தல், வீட்டுக்குள் சிறுநீர் கழித்தல், பிடித்த தீனியைக்கூடத் தொடாமல் இருத்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். இதைச் சேட்டை என்றும் பழிவாங்கல் என்றும் எடுத்துக்கொண்டு அடிப்பவர்கள் உண்டு. அந்த அடி, இருக்கிற பயத்தின் மேல் இன்னொரு பயத்தை ஏற்றுவதோடு சரி.

இந்தத் தவிப்புக்கு வேர் பிணைப்பில் இருக்கிறது. மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர், தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள பிணைப்பை அறிய ஒரு சோதனையை வகுத்திருந்தார். ஹங்கேரி ஆய்வாளர்கள் அதே சோதனையை 51 நாய்களிடமும் அவற்றை வளர்ப்பவர்களிடமும் நடத்தி, 1998 இல் முடிவை வெளியிட்டனர். நாய் தன்னை வளர்ப்பவரிடம் காட்டும் பிணைப்பு, குழந்தை தாயிடம் காட்டுவதைப் பல விதங்களில் ஒத்திருந்தது.

எல்லா நாய்களும் ஒரே காரணத்துக்காகத் தவிப்பதில்லை என்பதும் இப்போது தெளிவாகியிருக்கிறது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் டேனியல் மில்ஸ் இடம்பெற்ற குழு, 2,700க்கும் மேற்பட்ட நாய்களின் விவரங்களை ஆராய்ந்து 2020 இல் நான்கு வகைகளைப் பிரித்துக் காட்டியது. வீட்டுக்குள் இருக்கும் ஏதோ ஒன்றிலிருந்து தப்பிக்கத் துடிப்பது ஒரு வகை. வெளியே இருக்கும் ஒன்றை, பெரும்பாலும் போய்விட்ட மனிதரை, எட்டத் துடிப்பது இரண்டாவது. வெளியிலிருந்து வரும் சத்தத்துக்கும் நடமாட்டத்துக்கும் கொந்தளிப்பது மூன்றாவது. வெறும் சலிப்பு நான்காவது. டே கேரையும் தனிமைப் பயிற்சியையும் ஒப்பிடும் எவரும் இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டே ஒப்பிட வேண்டும்.

பயத்துக்கு என்ன நேர்கிறது

டே கேர் தனிமையை அகற்றிவிடுகிறது. நாயைச் சுற்றி நாள் முழுதும் ஆட்கள் இருக்கிறார்கள், மற்ற நாய்கள் இருக்கின்றன. தனிமை இல்லாததால் அன்றைக்குத் தவிப்பும் இல்லை. இந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஒவ்வொரு முறை பீதியில் சிக்கும்போதும் நாயின் பயம் இன்னும் ஆழமாக வேரூன்றுகிறது. அந்தச் சுழற்சியை டே கேர் முதல் நாளிலேயே நிறுத்திவிடும்.

ஆனால் அங்கே நாய் தனிமையைப் பற்றி எதையும் கற்பதில்லை. ஓர் இடத்தில் பழகியதை இன்னோர் இடத்துக்குத் தானாக எடுத்துச் செல்வது நாய்களுக்கு எளிதும் இல்லை. ஆறு மாதம் டே கேரில் உற்சாகமாக ஓடியாடிய நாயை, ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்காக வீட்டில் விட்டுவிட்டுப் போனால், அதே கதவடியில் அதே ஊளை கேட்கும். மாலையில் களைத்து வந்து சுருண்டு படுத்துத் தூங்கும் நாயைப் பார்த்து, சரியாகிவிட்டது என்று பலர் மகிழ்ந்துபோகிறார்கள். களைப்பைக் குணமென்று எண்ணுவதால் வரும் மகிழ்ச்சி அது.

தனிமைப் பயிற்சி நேரே பயத்திடம் போகிறது. முதலில் கைபேசியையோ கேமராவையோ வைத்து, ஆள் வெளியேறியதும் நாய் எத்தனை நேரம் அமைதியாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சில நாய்களுக்கு அது 20 விநாடியாகக்கூட இருக்கலாம். அந்த எல்லைக்குள்ளேயே வெளியே போய், பதற்றம் எழும் முன்பே திரும்பி வருவதுதான் பயிற்சி. செருப்பு மாட்டுவது, சாவியை எடுப்பது, பையைத் தோளில் போடுவது எல்லாம் நாய்க்கு அபாய அறிவிப்புகளாகப் பதிந்திருக்கும். எங்கும் போகாமலே அவற்றைத் திரும்பத் திரும்பச் செய்து அந்தப் பதிவைத் தேய்க்க வேண்டும். விநாடிகள் நிமிடங்களாகும், நிமிடங்கள் மெல்ல நீளும். பதற்றம் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வெடிப்பதால், முதல் அரை மணி, முக்கால் மணி நேரத்தைத் தாண்டிவிட்ட நாய்கள் பிறகு வேகமாக முன்னேறுவதைப் பயிற்சியாளர்கள் பார்க்கிறார்கள்.

நம் ஊரில் மூன்றாவதாக ஒரு யோசனையும் உலவுகிறது: கத்தட்டும், இரண்டு நாளில் பழகிவிடும். பிள்ளையைக் கிணற்றில் தள்ளிவிட்டால் தானாக நீந்தும் என்று சொல்வதைப் போன்றது இது. தண்ணீருக்கு அஞ்சாத பிள்ளை ஒருவேளை நீந்திக் கரையேறும். ஏற்கெனவே அஞ்சி நடுங்குகிற பிள்ளை ஆயுளுக்கும் கிணற்றுப் பக்கம் போகாது. பிள்ளையைக் கிணற்றருகே விடாமல் பார்த்துக்கொள்வது டே கேரின் வேலை. இடுப்பில் கயிறு கட்டிப் படிப்படியாக இறக்குவது பயிற்சியின் வேலை.

எந்த நாய்க்கு எது

யாராவது ஒருவர் அருகில் இருந்தால் போதும் என்ற நாய்க்கு டே கேர் நன்றாகப் பொருந்தும். மற்ற நாய்களோடு விளையாட விரும்பும் இளம் நாய்க்கும், சலிப்பினால் வீட்டைக் கலைக்கும் நாய்க்கும் அப்படியே. யார் இருந்தாலும் போதும் என்ற நாய்க்குப் பக்கத்து வீட்டுப் பாட்டியின் திண்ணைகூட டே கேர்தான். அங்கே அது நிம்மதியாகப் படுத்திருந்தால் பெரிய வளாகத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஒரே ஒருவரிடம் மட்டும் ஒட்டிக்கொண்ட நாயின் நிலை வேறு. இருபது பேர் சூழ்ந்திருந்தாலும் அந்த ஒருவர் இல்லாதது இல்லாததுதான். அது நாள் முழுதும் வாசல் கேட்டையே பார்த்து நிற்கும், தண்ணீர் குடிக்காது, விளையாட்டில் சேராது. தினமும் காலையில் கேட்டருகே விட்டுவிட்டு வருவது அதற்கு இன்னொரு பிரிவாகவே படும். இந்த வகை நாய்க்குத் துணையாக இன்னொரு நாயை வாங்கி வளர்ப்பதும் பெரும்பாலும் பலன் தராது.

சத்தத்துக்கு அஞ்சும் நாயையும் யோசித்துத்தான் அனுப்ப வேண்டும். பின்லாந்தில் 13,700 நாய்களின் விவரங்களைத் திரட்டி 2020 இல் வெளியான ஆய்வில், 32% நாய்களிடம் சத்த அச்சம் காணப்பட்டது. பிரிவு சார்ந்த தொல்லை இருந்தவை 5%. இந்த இரண்டு அச்சங்களும் ஒரே நாயிடம் சேர்ந்திருப்பது அரிதன்று. மூடிய கூடத்தில் முப்பது நாய்கள் ஒருசேரக் குரைக்கும் இடம், அப்படிப்பட்ட நாயை ஒரு பயத்திலிருந்து எடுத்து இன்னொரு பயத்தில் போட்டுவிடும்.

பயிற்சி எல்லா வயது நாய்க்கும் ஏற்றது என்றாலும் அதற்கும் முன்நிபந்தனைகள் உண்டு. சலிப்பால் தவிக்கும் நாய்க்கு முதலில் தேவை நடையும் விளையாட்டும். தெருச் சத்தத்துக்குக் கொந்தளிக்கும் நாய்க்கு, பார்வையும் ஒலியும் குறைந்த உள்ளறையை ஒதுக்கிவிட்டுப் பயிற்சியைத் தொடங்க வேண்டும். வயதான நாய்க்குத் திடீரென்று இந்தத் தொல்லை வந்தால், வலியோ, சிறுநீர்க் கோளாறோ, மூப்பினால் வரும் மூளைத் தளர்ச்சியோ இருக்கலாம். அப்போது முதலில் போக வேண்டியது கால்நடை மருத்துவரிடம்.

காலமும் உழைப்பும்

டே கேர் அன்றைக்கே பலன் தரும். பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் பணம் கேட்கும், காலையும் மாலையும் கொண்டுபோய்க் கூட்டிவரும் அலைச்சலும் கேட்கும். பயிற்சி பணத்தை அதிகம் கேட்காது, பொறுமையை நிறையக் கேட்கும். வாரங்களில் முடிவதும் உண்டு, மாதங்கள் ஓடுவதும் உண்டு. நேற்று பத்து நிமிடம் அமைதியாக இருந்த நாய் இன்று நான்கு நிமிடத்தில் எழுந்து நிற்கும். அதற்காக மனம் தளர்ந்துவிடக் கூடாது.

கடுமையான பதற்றத்துக்கு மருத்துவர் மருந்தும் தருவார். ஃப்ளூஆக்ஸெட்டின் என்ற மருந்தை நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்காக அமெரிக்க அரசு 2007 இல் அனுமதித்தது. பயிற்சியோடு சேர்த்தே தர வேண்டும் என்பது அந்த அனுமதியில் அடங்கியது. அதன் 8 வாரச் சோதனையில், மருந்தும் பயிற்சியும் பெற்ற நாய்களில் 72% முன்னேறின. வெற்று மாத்திரையும் பயிற்சியும் பெற்றவற்றில் 50% முன்னேறின. மருந்து துணை நிற்கும் என்பதையும், பயிற்சியைக் கைவிட அது காரணமாகாது என்பதையும் சேர்த்தே இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பயிற்சியின் மிகக் கடினமான விதி ஒன்று உண்டு. பயிற்சி நடக்கும் காலம் முழுதும், நாயால் தாங்க முடியாத நேரத்துக்கு அதைத் தனியாக விடவே கூடாது. மாலையில் ஐந்து நிமிடம் பழக்கிவிட்டு மறுநாள் ஒன்பது மணி நேரம் பூட்டிவிட்டுப் போனால், கட்டியது அத்தனையும் அன்றே இடிந்துவிடும். வேலைக்குப் போகும் மனிதரால் இந்த விதியை எப்படிக் காப்பாற்ற முடியும்? இங்கேதான் டே கேர் தேவைப்படுகிறது. எதிரெதிராக நிறுத்தப்படும் இரண்டு வழிகளும் இந்த இடத்தில் ஒன்றையொன்று தாங்கத் தொடங்குகின்றன.

பயிற்சி முழு வெற்றி பெற்றாலும் டே கேரின் தேவை முற்றாக நீங்கிவிடாது. வளர்ந்த நாயையும் ஒரே மூச்சில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியாக விட வேண்டாம் என்பது பிரிட்டனின் விலங்கு நல அமைப்புகள் தரும் அறிவுரை. பகலில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நாயை வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று சுவீடனில் விதியே இருக்கிறது. அங்கே டே கேர் பரவலாக இருப்பதில் வியப்பில்லை. பதற்றமே இல்லாத நாய்க்கும் முழு அலுவலக நாள் நீளமானதுதான். பயிற்சி தரக்கூடிய பரிசு மூன்று, நான்கு மணி நேர நிம்மதி. மீதிப் பகலுக்கு மனிதத் துணையை நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

கேடுகள்

நாய்கள் கூடும் இடத்தில் நோயும் கூடும். கென்னல் இருமல் எளிதில் தொற்றும். 2021 இல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் 200க்கும் மேற்பட்ட நாய்களுக்கு எலிக்காய்ச்சல் வந்தது. அவற்றில் பல, தங்கும் விடுதிகளுக்கும் டே கேர்களுக்கும் போய்வந்தவை. கடி, முரட்டு விளையாட்டு, ஓய்வே இல்லாத ஓட்டம் ஆகியவையும் உண்டு. வளர்ந்த நாய் ஒரு நாளில் ஏறக்குறையப் பாதி நேரம் தூங்குவது இயல்பு. எட்டு மணி நேரம் ஓடவிட்டுக் கொண்டே இருக்கும் இடம் நாயை அமைதிப்படுத்தாது, முறுக்கேற்றி அனுப்பும்.

இங்கிலாந்தில் 2018 முதல் டே கேர் நடத்த உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். தரத்துக்கேற்ப 1 முதல் 5 வரை நட்சத்திரமும் தரப்படுகிறது. அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான விதி இல்லை, மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. சென்னையிலும் பெங்களூரிலும் டே கேர்கள் பெருகிவரும் இந்த நேரத்தில், நல்லது எது என்று கண்டறியும் பொறுப்பு பெரும்பாலும் வளர்ப்பவர் தலையில்தான் விழுகிறது. தடுப்பூசிச் சான்று கேட்கிறார்களா, முதலில் ஒரு நாள் வைத்துப் பார்த்துச் சேர்க்கிறார்களா, பெரிய நாய்களையும் சிறியவற்றையும் பிரிக்கிறார்களா, மதியம் தூங்க அமைதியான இடம் இருக்கிறதா, ஒருவர் எத்தனை நாய்களைப் பார்த்துக்கொள்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள். கேமரா வழியாக நாயைப் பார்க்க அனுமதிக்காத இடத்தை விட்டுவிடுங்கள்.

பயிற்சியின் கேடு அவசரத்தில் இருக்கிறது. தாங்கும் எல்லையைத் தாண்டித் தள்ளினால், பயிற்சியே பயமாக மாறிவிடும். தப்பிக்கத் துடிக்கும் நாயைக் கூண்டில் அடைத்துப் பழக்கப் பார்ப்பவர்கள், பல்லும் நகமும் உடைந்த நாயோடு மருத்துவமனைக்குப் போக நேர்கிறது. வளர்ப்பவர் தானே வீட்டுக்குள் கைதியாகி, கடைக்குக்கூடப் போக முடியாமல் சோர்ந்துவிடுவதும் நடக்கிறது. ஒரே ஆள் மேல் முழுச் சுமையும் விழாமல் குடும்பமும் அக்கம்பக்கமும் பங்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

முடிவாக

இரண்டில் எது சிகிச்சை என்று கேட்டால், தனிமைப் பயிற்சி என்பதே என் விடை. எது பாதுகாப்பு என்று கேட்டால் டே கேர். பாதுகாப்பு இல்லாமல் சிகிச்சை நிலைக்காது. சிகிச்சை இல்லாமல் பாதுகாப்புக்கு முடிவே வராது. ஆண்டுக்கணக்கில் டே கேர் கட்டணம் கட்டிவிட்டுப் பயிற்சியைத் தொடாதவர், நாயின் பயத்தை அப்படியே பத்திரமாக வைத்திருக்கிறார். பகல்களைக் காக்காமல் மாலையில் மட்டும் பயிற்சி தருபவர், ஓட்டைக் குடத்தில் நீர் மொள்கிறார்.

எனவே வரிசை இதுதான். கேமராவில் பார்த்து, மருத்துவரிடம் காட்டி, எந்த வகைத் தவிப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். நாய்க்குப் பொருந்தினால் வேலை நாட்களுக்கு டே கேர், பொருந்தாவிட்டால் உறவினர் வீடோ பக்கத்து வீடோ ஏற்பாடு செய்யுங்கள். அது தொடங்கும் அதே வாரத்தில் வீட்டுப் பயிற்சியையும் தொடங்குங்கள். நாய் தனியே அமைதியாக இருக்கும் நேரத்தை வாரந்தோறும் குறித்து வையுங்கள். அந்த நேரம் நீள நீள, டே கேர் நாட்களை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். நாய் தேறிவருகிறதா என்பதை, டே கேரிலிருந்து அது எவ்வளவு களைத்து வருகிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் கதவைச் சாத்திய பிறகு அது எவ்வளவு நேரம் நிம்மதியாகப் படுத்திருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.