பூனைக்கு மணல்தட்டுப் பழக்கம்

வீட்டுக்குள் வளரும் பூனையை, மணலோ அதையொத்த உதிரிப் பொருளோ பரப்பிய தட்டிலேயே மலஜலம் கழிக்கச் செய்வதை மணல்தட்டுப் பழக்கம் என்பர். இதில் மனிதன் கற்பிப்பது சொற்பமே. வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை வறண்ட நிலத்துப் பிராணியாதலால், உதிர்மண்ணைப் பறித்து அதிலே கழித்து மூடுவது அதன் வம்சத்துக்கே சுபாவமாயிற்று. பிறந்து மூன்று வாரம் வரையில் தாய் நக்கிவிட்டாலொழியக் குட்டிக்குக் கழிவு வெளிப்படாது. அதன்பின் அது தானே மண் தேடத் தொடங்கும்.

தேனியை அடுத்த அல்லிநகரம் போன்ற ஊர்களில், வீட்டுக்குப் பின்னே கொல்லையும் குப்பைக்குழியும் இருந்தவரையில் இதற்கென்று ஏற்பாடு எதுவும் வேண்டியிருக்கவில்லை. புழக்கடைக்கும் சிமெண்டுத் தளம் போட்டு, மேலே மாடியும் எழுப்பிய பிறகு, அரிசி மூட்டைச் சந்தும் அழுக்குத் துணிக் குவியலும் பூந்தொட்டியும் மண்ணின் ஸ்தானத்தை ஏற்றன. பூனையை நொந்துகொள்வது நியாயமன்று. மண்ணை மூடியவர்கள் வீட்டார்தாம்.

தட்டில் இடும் பொருளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1947-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் எட்வர்டு லோ என்பவர், குளிரில் மணல் உறைந்துவிட்டதென்று வந்து கேட்ட அண்டைவீட்டுப் பெண்மணிக்குத் தம்மிடமிருந்த, ஈரம் உறிஞ்சும் களிமண்ணைக் கொடுக்கப்போய், அதுவே பெரும் வியாபாரமாக வளர்ந்தது. ஈரம் பட்டதும் கட்டிதட்டுகிற இன்றைய கடைச்சரக்கு பெரும்பாலும் பெண்டோனைட் களிமண். குஜராத்தின் கச்சுப் பகுதியில் அது ஏராளமாக வெட்டியெடுக்கப்படுகிறது. விலை கட்டுபடியாகாதவர்கள் சலித்த ஆற்றுமணலைக் கொள்ளலாம். அது அருகிவரும் இந்நாளில் கிடைக்கும் எம்-சாண்டு என்னும் செயற்கை மணல், கூர்முனை கொண்டதாகையால் பாதத்துக்கு உகந்ததன்று. கம்பம் பள்ளத்தாக்கின் தென்னந்தோப்புகள் தரும் நார்த்தூள் ஈரத்தை நன்கு உறிஞ்சும்; காலில் ஒட்டி வீடெங்கும் பரவுவதே அதன் குறை. அடுப்புச் சாம்பல் கூடாது. அதிலுள்ள காரம் மூத்திரத்தினின்று அம்மோனியா நெடியைக் கிளப்புவதோடு, பாதத்தை நக்கும் பூனையின் வாயையும் புண்ணாக்கக்கூடும்.

தட்டு பூனையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கும், அதில் பரப்பும் பொருள் இரண்டு அங்குல ஆழமும் இருத்தல் நலம். சோற்றுத் தட்டினின்று விலகி, ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் வைக்க வேண்டும். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக வேண்டுமென்பது வைத்தியர் கொள்கை.

தவறிய இடத்தில் நம்மவர் உடனே பினாயில் ஊற்றுவது விபரீதமான வழக்கம். பினால் வகை ரசாயனங்களை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவாதலால், அது நஞ்சாகவே முடியலாம். அம்மோனியா கலந்த திரவமோ மூத்திர வாசனையையே ஒத்திருந்து, பூனையை மறுபடியும் அங்கேயே அழைக்கும். அடிப்பதாலும் மூக்கைத் தேய்ப்பதாலும் விளைவது அச்சமே; பூனை இன்னும் மறைவான இடத்தை நாடும்.

தட்டை நாள்தோறும் சுத்திசெய்வதற்கு நாற்றம் மட்டுமே காரணமன்று. டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் பூனையின் மலத்தில் வெளிப்பட்டபின், தொற்றும் பக்குவம் பெற ஒரு நாளாவது செல்லும். கர்ப்பிணிகள் அவ்வேலையைப் பிறரிடம் விடுவதே உத்தமம். நன்கு பழகிய பூனை திடீரெனத் தட்டை விட்டால் முதலில் நோயைச் சந்தேகிக்க வேண்டும். கடுவன் பூனை தட்டில் நெடுநேரம் முக்கியும் சிறுநீர் வராதிருப்பின், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லாவிடில் உயிருக்கே ஆபத்தாகும்.