கனா காணும் காலங்கள்: எந்த சீசன் முதலிடம்?

'கனா காணும் காலங்கள்' சீசன்களை வரிசைப்படுத்தச் சொன்னால் என் வயசுக்காரங்க யோசிக்கவே மாட்டாங்க. ஸ்கூல் சீசன் முதலிடம், காலேஜ் ரெண்டாவது, 2022இல் ஹாட்ஸ்டாரில் வந்தது மூணாவது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் அக்காவின் வரிசை வேற. அதற்குக் காரணம் தேடினால் மூன்று திரைகளின் கதைக்குள் போகவேண்டியிருக்கிறது.

முதல் திரை, கலர் டிவி. 2006 தேர்தலில் திமுக வாக்குறுதி தந்து, அந்த செப்டம்பரிலேயே கொடுக்கத் தொடங்கிய 14 இன்ச் பெட்டி. விஜய் டிவியில் இந்தத் தொடர் ஆரம்பித்ததும் அதே 2006தான். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், கூட்டேரிப்பட்டு பக்கம் எங்கள் ஊர். பெட்டி எங்கள் ஊருக்கு வந்து சேரக் கொஞ்ச காலம் ஆனது. மாமியார் மருமகள் சண்டையே சீரியல் என்றிருந்த காலத்தில், யூனிஃபார்ம் போட்ட பசங்களின் காதலும் பரீட்சையும் மட்டுமே கதை என்பது புதுசு. இர்ஃபான், யுதன் பாலாஜி, பாண்டி எல்லாம் எங்கள் கிளாஸ் பசங்க மாதிரியே தெரிந்தார்கள். அதே பாண்டியைப் பிறகு 'அங்காடித் தெரு'வில் பார்த்தபோது, கூடப் படித்தவன் சினிமாவுக்குப் போன மாதிரி இருந்தது.

அந்த டிவி ரேஷன் கார்டுக்கு ஒன்று. அதாவது குடும்பத்துக்கு. படிக்கிறவன், படிக்காதவன் என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. நான் ஏழாவது, அக்கா பத்தாவது. அடுத்த வருஷம் அக்கா நின்றுவிட்டாள். மேலே படிக்க பஸ் ஏறிப் போகணும். "பொம்பளப் புள்ளைக்கு இது போதும்" என்று வீட்டில் முடிவானது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை, நான் உட்பட. ஆனாலும் சாயங்காலம் அந்த ஸ்கூலுக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே போனோம்.

2011 வாக்கில் தொடர் காலேஜுக்கு மாறியது. இன்றைக்கு ஹீரோவாக இருக்கும் கவின், ரியோ ராஜ் எல்லாம் அதில் நடித்தவர்கள். முதல் சீசன் ரசிகர்கள் அப்போது காலேஜ் வயசுக்கு வந்திருந்தார்கள். கதையும் கூடவே வளர்ந்தது. அதே 2011 செப்டம்பரில் அதிமுக அரசின் இலவச லேப்டாப் வந்தது. இது ரேஷன் கார்டுக்கு இல்லை, மாணவருக்கு. பிளஸ் டூவில் இருந்த எனக்குக் கிடைத்தது. அக்காவுக்குக் கிடைக்க வழியே இல்லை. அவளுக்கு அதே பழைய டிவிதான்.

அதிலும் கரண்ட் இருக்கணும். 2012இல் சென்னைக்கு ரெண்டு மணி நேர மின்வெட்டு என்றால் எங்கள் பக்கம் பாதி நாள் இருட்டு. தையல் மெஷினை நிறுத்திவிட்டு சீரியலுக்கு உட்காருவாள், கரண்ட் போய்விடும். விட்டுப்போன கதையை மறுநாள் பக்கத்து வீட்டில் கேட்டு நிரப்பிக்கொள்வாள்.

அந்த வருஷம் திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்தேன். முதல் நாள் கிளம்பும்போது அக்கா சொன்னாள்: "சீனியர் கூப்ட்டா பயப்படாத. கேன்டீன்ல தனியா ஒக்காராத. அரியர் மட்டும் வெச்சிடாத." காலேஜ் வாசலை மிதிக்காதவள் எனக்கு காலேஜ் சொல்லிக்கொடுத்தாள்.

மூன்றாவது திரை, போன். 2022 ஏப்ரலில் தொடர் மறுபடி ஸ்கூலுக்கே திரும்பியது. நடிப்பு, கேமரா எல்லாம் முன்னைவிட மேல். ஆனால் அதை நான் தனியாக, இயர்போன் மாட்டி, ரெண்டே நாளில் பார்த்து முடித்தேன். அக்காவிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மூணாவது இடம் அதனால்தான்.

போன மாசம் போனில் அவளிடம் கேட்டேன், எந்த சீசன் ஃபர்ஸ்ட்டு?

"காலேஜுதான்டா."

"எல்லாரும் ஸ்கூல் சீசனத்தான் சொல்றாங்க."

"ஸ்கூல நான் நேர்லயே பாத்துட்டன் இல்ல?"

என் வரிசையில் காலேஜ் சீசன் ரெண்டாவது. எனக்கு நிஜ காலேஜ் கிடைத்திருந்தது.