ரசிகர்கள் மீட்ட இசை

சினிமா இசைக்குத் தனி வாழ்வு கிடையாது என்று வெகுநாள் நம்பியிருந்தேன். காட்சிக்காக எழுதப்படுகிறது, காட்சியோடு தீர்ந்துவிடுகிறது. ‘சூப்பர்மேன்’ படத்து இசையின் சரித்திரம் அந்த நம்பிக்கையைக் குலைத்தது.

ஜான் வில்லியம்ஸ் 1978ல் லண்டன் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவைக் கொண்டு இதைப் பதிவு செய்தார். ட்ரம்பெட்டுகள் முழங்கும் முகப்பிசை எங்கும் பரவியது. ஆனால் அவ்வருஷம் வந்த இரட்டை இசைத்தட்டில் மொத்த இசையும் அடங்கவில்லை. மிச்சம் படத்தின் வசனத்துக்கும் சப்தங்களுக்கும் அடியில் கிடந்தது. அதைப் பிரித்துக் கேட்டவர்கள், முழுசாக வேண்டும் என்று காத்திருந்தவர்கள் ரசிகர்கள்தாம்.

2000ல் ரைனோ நிறுவனம் இரண்டு குறுந்தகடுகளாக விரிவாக்கி வெளியிட்டது. 2008ல், அடுத்தடுத்த படங்களின் இசையையும் சேர்த்து, எட்டுத் தகடுகள் கொண்ட பெட்டி வந்தது. அதை வெளியிட்டது ஃபிலிம் ஸ்கோர் மந்த்லி. 1990ல் ரசிகர் ஒருவர் தொடங்கிய சிறு செய்திமடல்தான் அந்தப் பத்திரிகையாக வளர்ந்திருந்தது. 2019ல் லா-லா லாண்ட் மூன்று தகடுகளில் மீண்டும் கொண்டுவந்தது.

பறக்கும் மனிதனை வழிபடுகிறவர்கள் என்று இவர்களை ஒதுக்கிவிடலாம். எனக்கு அது சம்மதமில்லை. வழிபாடு முகப்பிசையோடு திருப்தியடைந்துவிடும். இவர்கள் தேடியது சின்னஞ்சிறு துணுக்குகளையும், படத்தில் இடம்பெறாத மாற்று வடிவங்களையும். பண்டமாகச் செய்யப்பட்ட ஒன்றைப் படைப்பாக நிலைநிறுத்தியது அந்தக் கவனம். விமர்சனம் என்று நாம் சொல்வதில் இதுவும் சேர வேண்டும்.